நாய் ஊசி எங்கட ஒழுங்கைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திருகோணமலையில கட்டாக்காலி நாய்த் தொல்லை எண்டு பேப்பரில அடிக்கடி வருது, கடற்கரையில கடிச்சது, பஸ் ஸ்டாண்டடியில துரத்தினது எண்டு. வாசிக்கிற எல்லாரும் சபை என்ன செய்யுது எண்டுதான் கேக்கிறாங்க. அந்த நாய்களில கனக்க ஒரு காலத்தில ஆரோ ஒருத்தர் வீட்டில பிறந்த குட்டிகள் எண்டத ஒருத்தரும் பேசுறேல்ல.

திருக்கடலூர், பாலையூற்று, கன்னியா எண்டு எங்க போனாலும் தகரக் கொட்டில் வீட்டிலயும் ஒரு நாய் நிக்கும். ஆம்பிளையள் கடலுக்குப் போன ராவில பொம்பிளையளுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் காவல், தாங்க சாப்பிடுற சோத்திலதான் அதுக்கும் ஒரு பிடி போடுறாங்க. வசதியில்லாட்டி ஏன் வளக்கிறீங்க எண்டு கேக்கிறவங்களக் கண்டா எனக்குச் சரியான கோவம் வரும்.

கஷ்டம் வாறது வருத்தம் வரேக்கதான். எங்கட ஒழுங்கையில வீட்டு வேலைக்குப் போற ஒரு அக்காட நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, பல் முரசெல்லாம் வெளிறி எழும்பேலாமக் கிடந்தது, பஸ்ஸில ஏத்த மாட்டாங்க, ஓட்டோக்காரர் நாய் எண்டதும் திருப்பிக்கொண்டு போயிட்டாங்க, கடைசியில உரப்பையில தலை மட்டும் வெளிய தெரிய வச்சு சைக்கிள் கரியர்ல கட்டி மகன் உழக்கிக்கொண்டு போனான். மருந்துக் காசோட அவக்கு அண்டைக்குச் சம்பளமும் போச்சு. இதுக்குப் பயந்து சிலபேர் வருத்தம் வந்த நாய் பூனைக்கு வீட்டில கிடக்கிற பனடோல உடைச்சுக் குடுக்கிறாங்க, பூனைக்கு அது நஞ்சு, ஒரு குளிசையே கொல்லும், தெரியாமத்தான் குடுக்கிறாங்க பாவம்.

பெட்டைக் குட்டியளின்ட கதை இதவிட மோசம். ஆறேழு மாசத்திலயே பருவத்துக்கு வந்திடும், ரெண்டு மாசம் வயித்தில சுமந்து குட்டி போட்டிடும், வருசத்துக்கு ரெண்டு தரமும் போடும். கடுவன் கேட்டு ஆள் வரும், பெட்டைய ஒருத்தரும் கேக்கிறேல்ல, பிறகு இருட்டினாப்பிறகு பெட்டியில போட்டு சந்தையடியில விட்டுட்டு வாறது. விட்டவங்கள ஏசுறதுக்கு எல்லாரும் இருக்கிறம், தாய்நாய கருத்தடை ஒபரேஷனுக்குக் கொண்டுபோக உதவத்தான் ஆளில்ல.

2006ல இருந்து தெரு நாயளக் கொல்றேல்ல எண்டதுதான் அரசாங்கத்தின்ட கொள்கை, அது நல்லது. ஆனா அப்பிடியெண்டா கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்கா நடக்கோணும். 70 வீத நாய்களுக்காவது ஊசி போட்டாத்தான் விசர்நோய் பரவுறது நிக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. விசர் வந்தாப்பிறகு மனிசரக் காப்பாத்துறது ஏலாத காரியம், கடிபட்ட ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்துச் செலவோட பாத்தா நாய்க்குப் போடுற ஊசி எவ்வளவோ மலிவு. அரசாங்கம் போடுற நாய் ஊசி இலவசம்தான், ஆனா வேலை நாளில காலம வந்து சந்தியில நிண்டுட்டுப் போனா கூலிக்குப் போறவங்க எப்பிடிக் கொண்டுவாறது.

அதால ஊசி போட வாற அதிகாரிமாரே, ஞாயிறு இல்லாட்டிப் போயா நாளில ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுக்கும் மாறி மாறி வாங்க, முதல் நாள் கோயில், பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல அறிவிச்சா எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்தின்ட அஸ்வெசும உதவிக் காசு எடுக்கிற குடும்பங்களின்ட பெட்டை நாய்க்கு ஒபரேஷன் இலவசமாச் செஞ்சு, காயம் ஆறுமட்டும் ஆராவது ஒருக்கா வந்து பாக்கோணும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பூனை வளக்கிற வீடுகள் கனக்க, அதுகளையும் சேருங்க. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரரும் இதுக்குக் கொஞ்சம் காசு போடலாம், கடற்கரை நாய் சுகமா இருந்தா அவங்களுக்கும் நல்லதுதானே.

மாசத்தில ஒரு ஞாயிறு வர விருப்பமுள்ள மிருக வைத்தியர் ஆராவது இத வாசிச்சா தயவுசெஞ்சு இந்தப் பேப்பருக்கு ஒரு வரி எழுதுங்க. எங்கட வாசிகசாலை மண்டபத்தத் திறந்து மேசை, தண்ணி, லைட் எல்லாம் ஒழுங்கு செய்யிறதுக்கும், வயசானவங்கட நாயளத் தூக்கிக்கொண்டு வாறதுக்கும் பொடியள் இருக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலையூற்று, திருகோணமலை.