அந்த இடப்பக்கக் கண்ணாடியை விரித்து வையுங்கள்

மதுரையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் கே.புதூரில் பிறந்து வளர்ந்தவள். நர்ஸ். 2014-ல் உங்கள் பள்ளிகளில் ஒன்றில்தான் கார் பழகினேன். டிஎன் 59 என்று தொடங்கும் அந்த உரிமத்தோடு 2022-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனேன். வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் புண் கட்டுவதும் இன்சுலின் போடுவதும் என் வேலை. கார் இல்லாமல் அந்த வேலை நடக்காது.

அங்கே குடியேறியவர்கள் இந்திய உரிமத்தை வைத்து 12 மாதம் ஓட்டலாம். அதன் பிறகு அது செல்லாது. ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக்காரர்கள் தங்கள் உரிமத்தைக் கொடுத்துவிட்டு பிரிட்டன் உரிமத்தை மாற்றி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே பழகுநர் உரிமத்துக்கு 34 பவுண்டு, கணினித் தேர்வுக்கு 23, சாலைத் தேர்வுக்கு 62 என்று கட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதின்மூன்றாம் மாதம் நான் மறுபடி எல் போர்டுக்குப் போனேன். 21 வயது நிரம்பி, மூன்று வருடமாவது உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருட்டு விலகாத காலையில் பஸ்ஸுக்கு நின்ற மாதங்கள் அவை.

எட்டு வருடம் மதுரையில் கார் ஓட்டியவள்தானே, நாலு வகுப்பு போதும் என்று நினைத்தேன். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பஞ்சாபி அம்மா. முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசாமல் வந்தார். பிறகு கேட்டார்: "உனக்குப் பின்னால் வருகிற வண்டி என்ன நிறம்?" எனக்குத் தெரியவில்லை. வண்டி வருகிறது என்பதே தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தில் அதே கேள்வியைப் பத்து முறையாவது கேட்டிருப்பார். ஒரு தடவைகூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் 2014-ல் நான் பழகிய கார் கண்முன் வந்தது. அதன் இடப்பக்கக் கண்ணாடி உள்பக்கமாக மடங்கியே இருக்கும். சந்துக்குள் டூவீலர்காரர்கள் இடித்துவிடுகிறார்கள் என்று மாஸ்டர் மடக்கி வைத்திருந்தார். பயிற்சி முடியும் வரை ஒருநாளும் அது விரியவில்லை. உள்ளே இருந்த கண்ணாடி அவர் பார்ப்பதற்காக அவர் பக்கம் திரும்பியிருந்தது. "முன்னாடி பாரும்மா, பின்னாடி வர்றவன் அவனே பாத்துக்குவான். ஹாரன அடி" என்பார். நல்ல மனிதர், ஒருநாளும் அதட்டியதில்லை. ஆனால் பின்னால் ஒரு சாலை இருக்கிறது என்பதையே நான் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் காரில் கிளட்சும் பிரேக்கும் அவர் காலடியிலும் உண்டு. பள்ளி வண்டியில் அப்படி இருக்க வேண்டும் என்பது சட்டம், சரியான சட்டமும்கூட. எல்லிஸ் நகர் பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் வண்டி நின்றபோது, ஒரு குலுக்கலும் இல்லாமல் எடுத்துவிட்டேன் என்று எனக்கு அத்தனை பெருமை. வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். லெஸ்டரில் ஒரு ஏற்றத்தில் கார் பின்னோக்கி உருண்டபோதுதான் புரிந்தது, அன்று வண்டியை எடுத்தது மாஸ்டரின் கால் என்று.

நம் ஊர் எனக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு 14 வீடியோ காட்டுவார்கள். அதில் ஆபத்து உருவாகும் கணத்தைக் கண்டதும் பட்டனை அழுத்த வேண்டும். 75-க்கு 44 வாங்கினால் தேர்ச்சி. நான் 61 வாங்கினேன். ஷேர் ஆட்டோ எந்த இடத்தில் திடீரென்று ஓரம் கட்டும், கதவோரம் நிற்கும் ஆடு எப்போது குறுக்கே பாயும் என்று கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் பழகிய கண் அது. முன்னால் நடப்பதைப் பார்க்க மதுரைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாலைத் தேர்வு சுமார் 40 நிமிடம். சிறு பிழைகள் 15 வரை மன்னிப்பார்கள். பெரிய பிழை ஒன்று போதும், தோல்விதான். முதல் தேர்வில் கண்ணாடி பார்க்காமல் தடம் மாறினேன். இரண்டாவது தேர்வில், நடந்து போகிறவர்கள் சாலையைக் கடக்கும் வரிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு பாட்டி நின்றிருந்தார். எனக்கு அவர் தெரிந்தார். அவர் நிற்பார், நான் போய்விடலாம் என்று என் கால் முடிவு செய்துவிட்டது. பாட்டி ஓர் அடி எடுத்து வைத்தார். தேர்வாளர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். அந்த பிரேக் மிதிபட்டால் தேர்வு அங்கேயே முடிந்த மாதிரி. பாட்டி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுக் கடந்து போனார். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது தேர்வில் தேறினேன். அதற்குள் வகுப்புகளுக்கு மட்டும் மணிக்கு 38 பவுண்டு வீதம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விட்டது.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம், நான் அங்கே படித்தவற்றில் பெரும்பகுதி நம் சட்டத்திலேயே இருக்கிறது. வட்டச் சந்திப்பில் வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழி விடுவது இங்கேயும் விதிதான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 31-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். சொந்த கார் ஓட்டப் பழகுகிறவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. ஓட்டிய நேரத்தைக் குறித்து வைக்கப் படிவம் 15 என்று ஒரு பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டை நான் பார்த்தது ஒரே நாள்தான். கடைசி நாளில், "எல்லாத்துலயும் ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா" என்று நீட்டினார்கள். 21 வரிசையிலும் போட்டேன். நான் போனது 15 நாள். காரில் நான்கு பேர், அரை மணி நேரம். ஸ்டீயரிங் என் கையில் இருந்தது எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ. மொத்தமாகக் கூட்டினால் மூன்று மணி நேரம் தேறாது. கையெழுத்து என்னுடையது என்பதால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு.

அந்த நான்கு பேரும் பெண்கள். நான்கு பேருமே எச் போட்டுத் தேறினோம். மற்ற மூவரில் ஒருவர்கூட இன்றுவரை தனியாக கார் எடுத்ததில்லை. உரிமம் பீரோவில் இருக்கிறது. வெளிநாடு போகாத அவர்களுக்காகவும்தான் இந்தக் கடிதம்.

மேலூர் பக்கமிருந்து டிரைவர் வேலைக்கு வளைகுடா போகும் பிள்ளைகள் நிலைமை இன்னும் கஷ்டம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். என் அத்தை மகன் இங்கே 11 வருடம் லாரி ஓட்டியவன். துபாயில் தடம் மாறும்போது தோளைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று மூன்று முறை தோற்றான். கம்பெனி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. விசாவுக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. புறப்படுவதற்கு முன், ஆர்டிஓ ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினால் போதும் என்று அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு வருடம் செல்லும் அந்தச் சிறு புத்தகம் நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அங்கே குடியிருந்து வேலை பார்க்கிறவருக்கு உதவாது. இந்த ஒன்றை உங்கள் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டினாலே ஒரு குடும்பம் கடன்படாமல் தப்பும்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். வருகிறவர்கள் "எத்தனை நாளில் கைக்கு வரும்?" என்றுதான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். பக்கத்துப் பள்ளியில் 500 ரூபாய் குறைவு என்றால் அங்கே போய்விடுகிறார்கள். டீசல் விலை, வண்டிக்குத் தவணை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும். 10 மணி நேரத்துக்கு உண்டான கட்டணத்தைக் கேளுங்கள். எதற்கு என்று எடுத்துச் சொன்னால் கொடுப்பார்கள். பின்னால் வருகிற வண்டி என்ன நிறம் என்று கேட்கச் செலவு ஒன்றும் இல்லை. கடைசி வாரத்தில் மாஸ்டரின் கால் கிளட்சை விட்டு விலகியிருக்கட்டும், வண்டி நின்று போனாலும் பரவாயில்லை. இருட்டிய பிறகு ஒருநாள் ரிங் ரோடுக்குக் கூட்டிப் போங்கள். வரிக்கோட்டில் யாராவது நின்றால், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

என் அக்கா மகளுக்குப் போன மாதம் 19 முடிந்தது. எல்எல்ஆர் வாங்கிவிட்டாள். கே.புதூரில் ஒரு பள்ளியில் 21 நாளுக்கும் முழுப் பணம் கட்டியிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வருவாள். படிவம் 15-ல் அன்றன்றைக்கு ஓட்டிய நிமிடத்தை அவளே எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதற்கு மட்டும் அனுமதியுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் அந்த இடப்பக்கக் கண்ணாடியையும் விரித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி