குறைத்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

எட்டுப் பாட்டு, ஒரு குரல், ஒரு கிட்டார். இவ்வளவுதான் புதிய தொகுப்பு. "இதற்கா மூன்று வருஷம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் பெரும்பகுதி, இருந்ததை ஒவ்வொன்றாக எடுப்பதிலேயே போனது. எடுக்கச் சொன்னவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் டிரம்ஸ் அண்ணனுக்கு. என் முதல் தொகுப்பில் ஒரு பாட்டுக்கு மட்டும் 46 டிராக், அதாவது தனித்தனியாகப் பதிந்து அடுக்கிய ஒலிகள், இருந்தது. வயலினே நான்கு அடுக்கு. குரலை மென்பொருளில் போட்டுச் சுருதியை நேராக்கியிருந்தார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது நான்தான். வெளிவந்த பிறகு கேட்டால் வேறு யாரோ பாடுவது போல இருந்தது. நாட்டுப்பாட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குக் குரல் வழுக்கிப்போகும் இடம் ஒன்று உண்டே, சரியாக அதைத்தான் இஸ்திரி போட்டு விட்டார்கள்.

இந்த இரண்டாவது தொகுப்பின் ஒத்திகைக்கு அண்ணன் வந்தார். இரண்டு பாட்டு வாசித்தார். மூன்றாவதில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு நான் எதுக்கு?" என்றார். சம்பளம் பேசி வந்த மனிதர், தன் வேலையைத் தானே வேண்டாம் என்று சொன்னார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணா, அந்தக் கோபத்துக்கும் சேர்த்து மன்னிப்பு.

அப்புறம் என் கிட்டார் ஆசிரியர். டிரம்ஸும் பேஸும் போனதும் பாட்டு எலும்பும் தோலுமாக நின்றது. அதை மறைக்க கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) மேல் கார்டாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கிட்டாரை வாங்கி ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளை ஆளுக்கு ஒரு முழு ஸ்வரம் இறக்கினார். தடித்த தந்தியிலிருந்து மெல்லியதுவரை டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960களில் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் வழியாகப் பரவிய முறை இது. சும்மா மீட்டினாலே மேஜரும் இல்லாத, மைனரும் இல்லாத ஒரு ஒலி வரும், ஏனென்றால் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் மூன்றாவது ஸ்வரமே அதில் கிடையாது. சந்தோஷமா துக்கமா என்று கிட்டார் முந்திக்கொண்டு சொல்லாது, அதைக் குரல் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு மதியத்தில் பாதித் தொகுப்பு மாறிவிட்டது.

கிட்டாரைப் பழுது பார்த்துக் கொடுத்தவருக்கும் நன்றி. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவதில், அதாவது பன்னிரண்டாவது ஃபிரெட்டில், தந்தி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து கிடந்ததை முதலில் பார்த்தவர் அவர். வருஷக்கணக்காக என் விரல் பலவீனம் என்று நினைத்திருந்தேன்!

பதினொரு சரணம் எழுதிய பாட்டை ஐந்தாக வெட்டிய தோழிக்கு நன்றி. (ஏழாவது சரணம் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் சொல்வேன்.)

ஒலிப்பதிவு செய்தவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பழைய வழக்கப்படி தாளத்தைச் சீராக எண்ணும் கிளிக் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, கிட்டார் தனி, குரல் தனி என்று பதியத் தயாராக வந்திருந்தேன். "ரெண்டையும் சேர்த்தே பாடுங்க. கிளிக் வேண்டாம்" என்றார். வரி முடிகிற இடத்தில் மூச்சு எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் பாட்டு நிற்க வேண்டும், கிளிக் நிற்காதே. சரி, குரல் கிட்டார் மைக்கில் விழுமே என்றேன். முன்னும் பின்னும் மட்டும் கேட்டு, பக்கவாட்டில் செவிடாக இருக்கும் எட்டு வடிவ மைக் இரண்டை எடுத்தார். ஒன்றின் செவிட்டுப் பக்கத்தை என் வாய்க்கும், மற்றதன் செவிட்டுப் பக்கத்தைக் கிட்டாருக்கும் திருப்பி வைத்தார். கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் குடம் போல முழங்கும் என்று பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம், ஓரடி தள்ளி. அரை அங்குலம் நகர்த்துவது, கேட்பது, மறுபடி நகர்த்துவது என்று ஒரு காலைப்பொழுதே போனது. புதுத் தந்தி மாட்டப் போனவளைத் தடுத்தவரும் அவரே. பழைய தந்தியில் விரல் கீச்சிடுவது குறைவு, மினுமினுப்பும் குறைவு.

பதிவுக்கு வீட்டு அறையை விட்டுக்கொடுத்த அத்தைக்கு நன்றி. போர்வைகள், மெத்தை, அலமாரித் துணி எல்லாமே சுவரில் தொங்கின. ஃபிரிட்ஜின் ரீங்காரம் மைக்கில் விழுகிறது என்று அதை அணைத்தோம், மறந்தோம். மறுநாள் திறந்து பார்த்த அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறக்காமல் இருக்க ஒலிப்பதிவுக்காரர்களுக்குத் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு என்று பிறகு சொன்னார்கள்: அணைக்கும்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டுமாம், கிளம்பும்போது ஞாபகம் வந்துவிடும். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மைக் இல்லாமல் பத்துப் பதினைந்து பேருக்குப் பாடியபோது இருமலை அடக்கிக்கொண்டு கேட்டவர்களே, எந்த வரியில் நீங்கள் நெளிந்தீர்களோ அந்த வரி இப்போது பாட்டில் இல்லை.

கடைசிப் பாட்டின் மூன்றாவது சரணத்தில் உற்றுக் கேட்டால் மெல்லிய தட்டல் ஒன்று கேட்கும். அன்று மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த டிரம்ஸ் அண்ணன், தன்னை அறியாமல் தொடையில் போட்ட தாளம். எல்லாம் ஒரே நேரத்தில் பதிந்தது, தனியாக உருவ முடியாது. உருவ எனக்கு மனமும் இல்லை. வாத்தியக்காரர்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "தொடை" என்று போட்டிருக்கிறேன். எடுத்துவிடு என்கிறார். இந்த ஒன்றை மட்டும் எடுப்பதாக இல்லை, அண்ணா.