வீடு தேடி வரும் அவசரச் சிகிச்சை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் தவிப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், கூடுதல் படுக்கைகள் வேண்டும் என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அந்தப் படுக்கைகளில் இருப்பவர்களில் சிலர் மருத்துவமனைக்கு வராமலேயே குணமாகியிருக்க முடியுமா என்ற கேள்வி அபூர்வமாகவே கேட்கப்படுகிறது. செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட முதியவர் ஒருவருக்கு மாலையில் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையில் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு உப்பி இறுகுகிறது. வலியில் அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கைப்பழக்கமுள்ள செவிலியர் வந்தால், குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பை இடுப்புக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இரண்டும் இல்லையென்றால் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவார். பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். அதே முதியவர் ஆம்புலன்ஸில் ஏறினால், அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருந்து, நேரமாகிவிட்டதால் வார்டில் சேர்க்கப்பட்டு, பழக்கமில்லாத இடத்தில் இரவில் மனம் குழம்பி, கட்டிலிலிருந்து இறங்க முயன்று விழுவது வரைக்கும் கூடப் போய்விடலாம். வயதானவர்களுக்கு மருத்துவமனை முழுப் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. சில நாட்கள் படுத்தே கிடந்தால் தசைகள் வலுவிழக்கின்றன, வார்டில் பரவும் கிருமிகள் தொற்றுகின்றன, நடந்து வந்தவர் பிறர் தாங்கிப் பிடிக்க வீடு திரும்புகிறார்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை இதற்கென்றே தனி ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு வீட்டில் உடல்நிலை திடீரென மோசமானால், அழைப்பு வந்த 2 மணி நேரத்துக்குள் செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் போன்றோர் அடங்கிய குழு நேரில் வந்து பார்க்க வேண்டும். இத்தகைய அழைப்புகளில் குறைந்தது 70 சதவீதத்துக்காவது அந்தக் கெடுவுக்குள் சென்றடைய வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. கடுமையான காயமில்லாமல் கீழே விழுந்தது, திடீர் மனக்குழப்பம், சர்க்கரை அளவில் ஏற்படும் தடுமாற்றம், சிறுநீர்க் குழாய்ச் சிக்கல், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கு வரும் நெருக்கடி ஆகியவை இந்தச் சேவையின் பட்டியலில் உள்ளன. நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் உடல்நலம் குன்றிப் படுத்துவிடுவதும் அதே பட்டியலில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நோயாளியின் நோய் அப்படியே இருக்க, அவருக்குச் சோறூட்டி, புரட்டிப் படுக்கவைத்து வந்த மனைவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அந்த நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுவது எல்லா இடங்களிலும் நடப்பதுதான்.

இதற்கு அடுத்த படி, வார்டில் தரப்படும் சிகிச்சையையே வீட்டில் தருவது. ரத்த நாளம் வழியாக ஆன்டிபயாடிக் செலுத்துவது, இதயச் செயலிழப்பில் உடலில் தேங்கும் நீரை ஊசி மருந்தால் வெளியேற்றுவது ஆகியவை, தகுந்த கண்காணிப்பு இருந்தால், இன்று வீட்டிலேயே முடிகின்றன. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 91 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களுக்கான செலவு 38 சதவீதம் குறைவாக இருந்தது. 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அவர்களில் 7 சதவீதம், வார்டில் இருந்தவர்களில் 23 சதவீதம். ஆய்வு சிறியது என்பதால் இந்த எண்களை அளவுக்கு மீறிக் கொண்டாடக் கூடாது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வின் முடிவு நிதானமானது: ஆறு மாதம் கழித்து உயிருடன் தம் வீட்டில் இருந்தவர்களின் விகிதம் வீட்டில் சிகிச்சை பெற்ற குழு, மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற குழு ஆகிய இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லங்களுக்குப் போனவர்கள் வீட்டுச் சிகிச்சைக் குழுவில் குறைவு.

யாரை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதில் குழப்பம் வரவே கூடாது. நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், கடும் மூச்சுத்திணறல், இடுப்பெலும்பு முறிவு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் அடி ஆகிய எதுவாக இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வரும் குழுவிடம் ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்க்கும் கருவிகள் இருக்க வேண்டும். மருத்துவரிடம் உடனே பேசும் வசதியும், தேவையென்றால் வார்டில் நேரடியாகச் சேர்க்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் வெறுங்கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் குழுவால் ஆபத்துதான் கூடும்.

படுக்கையை மிச்சப்படுத்துவதே நோக்கமாகிவிட்டால், வார்டில் மூன்று ஷிப்டுகளாகப் பலர் பகிர்ந்து செய்யும் வேலை வீட்டிலுள்ள ஒரே பெண்ணின் தலையில் சத்தமில்லாமல் வந்து விழும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே, நோயாளியின் சம்மதத்தோடு அவரைப் பார்த்துக்கொள்பவரின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். இரவில் துணைக்கு ஆள் அனுப்பும் செலவும் திட்டத்தின் கணக்கில் சேர வேண்டும்.

இங்கிலாந்தின் சேவைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச நேரமே காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். இரவு பத்து மணிக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும் முதியவரின் வீட்டார் ஆம்புலன்ஸைத்தான் அழைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கே இத்தகைய சேவையைத் தொடங்கினாலும், இரவில் தொலைபேசியை எடுப்பவர் யார், செவிலியரை உடனே அனுப்பிவைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் திட்ட அறிவிப்பிலேயே எழுத்துபூர்வமாகப் பதில் தரப்பட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்