பிறந்த வருஷத்தை எழுத விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது வரும் சிரமங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் சர்வர், நெட்வொர்க் என்று எல்லாம் வந்தது, ஆனால் ஜனங்கள் அதிகம் திணறுவது தொட்டதும் கீழே விரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் டிராப்டவுன் பட்டியலில்தான். செங்கோட்டையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு ஆச்சி வந்தார். கேரளத்துப் புனலூரில் மகள் வீட்டில் இருப்பவர், தன் போனில் தானே நிரப்பிப் பழக வேண்டும் என்று ஆசை. பிறந்தது 1953. பட்டியலோ இந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறது. தள்ளித் தள்ளி 1960 வரை வந்துவிட்டார், விரல் கொஞ்சம் வெளியே பட்டதும் பட்டியல் மூடிக்கொண்டது. திரும்ப முதலிலிருந்து. "எய்யா, நாலு நம்பரு எழுத எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கட்டம் இருந்தால் போதுமே!

அப்புறம் மாவட்டம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் 11 ஆங்கிலத்தில் டி எழுத்தில் தொடங்குகின்றன, நீலகிரிக்கு முன்னால் 'தி' (The) போட்டுவிட்டால் அதுவும் அங்கேயே வந்து உட்காரும். திருவள்ளூரும் திருவாரூரும் கிட்டக் கிட்ட நிற்க, விரல் தவறினால் ஆள் வேறு மாவட்டத்துக்காரர் ஆகிவிடுகிறார். தென்காசி 2019-லேயே தனி மாவட்டமாகியும் இன்னும் திருநெல்வேலியை மட்டும் காட்டும் படிவங்களும் உண்டு. முதலில் பின்கோடு கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்: 627 என்றால் எங்கள் பக்கம், 691 என்றால் மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம். அதை வைத்துத் தானாக வந்து விழுந்த மாவட்டத்தைத் திருத்தவும் வழி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரவுசரோடு வரும் சாதாரணப் பட்டியலில் கீபோர்டில் டி, ஈ, என் என்று வேகமாகத் தட்டினால் நேராகத் தென்காசியில் போய் நிற்கும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது புரியும். அழகுக்காக அதைத் தூக்கிவிட்டுச் சொந்தமாக ஒன்று செய்கிறவர்கள் பல நேரம் இதையெல்லாம் சேர்க்க மறந்துவிடுகிறார்கள், மவுஸ் இல்லாமல் ஒரு அடி நகர முடிவதில்லை.

மவுஸை மேலே வைத்தால் மட்டும் திறக்கும் மெனு அதைவிட மோசம். போனில் மவுஸ் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரிலும், உள்ளே இருக்கும் துணைப் பட்டியலுக்கு அம்புக்குறியைக் குறுக்காக நகர்த்தினால் நடுவில் வேறு வரி மேல் பட்டு, திறந்தது மூடிக்கொள்கிறது. தொட்டால் திறக்கட்டும், மறுபடி தொட்டால் மூடட்டும். மவுஸுக்குத்தான் திறக்க வேண்டுமென்றால் மூடுவதற்கு முன் அரை வினாடியாவது பொறுக்கட்டும்.

இணையதளம் செய்கிற பிள்ளைகள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். படிவத்தை வெளியே விடும் முன் வீட்டில் இருக்கும் பெரியவர் கையில் சின்ன போனைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பாருங்கள்.

ஒரு வாசகர்,
செங்கோட்டை