குளத்துக்குத் திரும்பியவர்கள் சார்பில்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

நேற்று ராத்திரி 11 மணிக்கு மேல் தோட்டத்தில் டார்ச்சோடு ஓர் உருவம் குந்தியிருந்ததைப் பார்த்து, மாடி விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். திருடன் இல்லை, நான்தான். தவளைகள் வந்துவிட்டன.

தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிவிட்டு ஓட்டாமல் நின்றால் எப்படிக் கேட்கும், அப்படி ஓர் அடங்கிய உறுமல். குளத்தில் வெளிச்சம் அடித்து 11 தலைகள் எண்ணினேன். ஒரு ஆண் அவசரத்தில் இன்னொரு ஆணின் முதுகில் ஏறிக் கட்டிக்கொள்ள, கீழே இருந்தது 'விடுடா' என்பதுபோல் ஒரு குரல் கொடுத்தது. மேலே இருந்தது உடனே விட்டுவிட்டது. அந்த ஆண்களின் கட்டைவிரலில் கறுப்பாக, சொரசொரப்பாக ஒரு திண்டு இருக்கிறது. பெண்ணைப் பிடித்தால் வழுக்காமல் இருக்க. டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

போன வருஷம் இதே குளத்திலிருந்து 14 தவளைகளை வலை போட்டு அள்ளினேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை. 3 வாரம் ஐஸ் மூடியிருந்து, அது உருகிய மறுநாள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பார்த்ததும் எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். நேரே வலப்பக்கத்து வீட்டு ஐயாவிடம் போய், நீங்கள் அடித்த களைக்கொல்லிதான் காரணம் என்று கத்திவிட்டு வந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு வாயால் கெட்டது நான்.

ஐயா, முதல் நன்றி உங்களுக்குத்தான். பதிலுக்கு நீங்கள் கத்தவில்லை. மறுநாள் காலையில் ரப்பர் பூட்ஸோடு வந்து, ஒரு கழியைக் குளத்தடியில் விட்டுக் கிளறி, "மோந்து பாருங்க" என்றீர்கள். அழுகின முட்டை நாற்றம். இலையுதிர்காலத்தில் விழுந்த இலையெல்லாம் அடியில் அரையடிக்கு மக்கிக் கிடந்தது. இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விட்டவன் நான்.

அன்று நீங்கள் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். கடுங்குளிரில் குளத்தின் அடித்தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரியில் நிற்கும். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது அந்தச் சூட்டில்தான். அதனால் அது கீழே தங்கி, ஐஸ் மேலே மிதக்கிறது. தவளைகளில் பல, முக்கியமாக ஆண்கள், அந்த அடிச்சேற்றில் படுத்துக்கொள்கின்றன. நுரையீரலுக்கு வேலையே இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தோல் வழியாகவே எடுத்துக்கொள்ளும். ஐஸ் மட்டும் என்றால் சமாளித்துவிடும். அதன்மேல் பனியும் கொட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டால், நீருக்குள் இருக்கும் செடியும் பாசியும் ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிடும். மக்கும் இலையோ இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிட்டு, மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் விடும். மூடி போட்ட பாத்திரம்போல எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். என் தவளைகளைக் கொன்றது குளிர் இல்லை, மூச்சுத்திணறல்.

சேற்றில் பாதியை அள்ளிவிட்டு, மீதியைத் தொடக்கூடாது என்று என் கையைப் பிடித்தீர்கள். அள்ளியதையும் 2 நாள் கரையிலேயே குவித்து வைக்கச் சொன்னீர்கள், உள்ளே இருக்கும் பூச்சி புழுக்கள் தண்ணீருக்குத் திரும்பிப் போகட்டும் என்று. இந்த இலையுதிர்காலத்தில் குளத்துக்கு மேல் விரித்திருந்த வலையும் உங்களுடையதுதான். களைக்கொல்லிப் பேச்சை நீங்கள் மறந்திருக்கலாம், எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்து எதிர்வீட்டு அம்மாவுக்கு. இந்தக் குளிரில் ஐஸ் பிடித்த முதல் நாளே நான் சுத்தியலோடு குளத்தருகே போய்விட்டேன். ஜன்னலைத் திறந்து நீங்கள் போட்ட சத்தத்தில் சுத்தியல் கை நழுவிக் காலில் விழாததுதான் பாக்கி. ஐஸை அடித்தால் அந்த அதிர்ச்சி தண்ணீர் வழியே உள்ளே இருப்பவற்றைத் தாக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து ஐஸின்மேல் வைத்தீர்கள். ஊற்றவில்லை, வைத்தீர்கள். பாத்திரம் மெல்ல மெல்ல இறங்கி, 10 நிமிஷத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அதிலிருந்து முதலில் குமிழிகள்தான் வந்தன. அந்த உறைபனி முடியும்வரை தினமும் காலையில் செருப்பும் கம்பளிச் சட்டையுமாக வந்துவிடுவீர்கள். முட்டிவலியை வேறு வைத்துக்கொண்டு.

பனி பெய்த நாட்களில் நீளக்கைப்பிடி விளக்குமாற்றால் கரையில் நின்றபடியே ஐஸ்மேல் இருந்த பனியைத் தள்ளிவிட்ட பாப்பாவுக்குப் பெரிய நன்றி. "தவளைக்கு ஜன்னல் துடைச்சுட்டேன் மாமா" என்று நீ சொன்னதைவிடத் தெளிவாக இதை யாரும் விளக்க முடியாது.

இன்னொருவருக்கு நன்றி சொல்லவேண்டும், படிக்கும்போது அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். போன வருஷம் தவளைகள் செத்ததும் நான் வாளியோடு போய் அவர் குளத்திலிருந்து முட்டை கேட்டேன். தர மாட்டேன் என்றுவிட்டார். என்ன கஞ்சத்தனம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். முட்டையோடும் தண்ணீரோடும் தவளைகளைக் கொல்லும் ரானாவைரஸ், கைட்ரிட் பூஞ்சை போன்ற நோய்க்கிருமிகளும் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் என்று பிறகுதான் படித்தேன். "பொறுங்க, வரவேண்டியது தானா வரும்" என்றார். வந்துவிட்டது. எல்லாத் தவளைகளும் குளத்தடியில் தூங்குவதில்லையாம். பெண்களில் நிறையவும், இன்னும் பருவம் வராத குட்டிகளும் கல்லிடுக்கிலும் மரக்கட்டைக்கு அடியிலும் குளிரைக் கழிக்கும். தலைப்பிரட்டையாக இருந்தது 2, 3 வருஷத்தில்தான் முட்டையிடும் வயதுக்கு வரும். அப்படியானால் நேற்று உறுமியவற்றில் சில, அந்தச் சாவுக்கு முன்பே இந்தக் குளத்தை விட்டு வெளியேறிய குஞ்சுகளாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்த்தால், நான் சும்மா இருக்கும்படி பார்த்துக்கொண்டவர்கள்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறார்கள்.

வேலிக்கு அடியில் ஒரு கையகலம் வழி விட்டவர்கள், மழை ராத்திரியில் காரை மெதுவாக ஓட்டியவர்கள், பூனையை இருட்டியபின் வெளியே விடாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. (பூனை என்னை முறைக்கிறது. பரவாயில்லை.)

இன்று காலை முதல் முட்டைத்திரள். கரையோரம் ஆழமில்லாத இடத்தில், விடியும்போது கைப்பிடி அளவு இருந்தது. ஜெல்லி தண்ணீரை உறிஞ்சி மத்தியானத்துக்குள் கைக்குழந்தையின் தலையணைபோல் உப்பிவிட்டது. ஒரு திரளில் 1,000, 2,000 கறுப்புப் புள்ளிகள்கூட இருக்கும். அதில் தவளையாகி மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. ராத்திரி மறுபடி உறைபனி வரும் என்கிறார்கள். மேலே துருத்தி நிற்கும் முட்டைகள் வெளுத்துச் செத்துப்போகலாம், தண்ணீருக்குள் இருப்பவை பிழைத்துவிடும். வாளியில் எடுத்து வீட்டுக்குள் வைக்கலாமா என்று இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன். வைக்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியே வரலாம், தாழ்ப்பாள் போடவில்லை. வாளி மட்டும் வேண்டாம்.

எதிர்வீட்டு அம்மா, உங்கள் பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடியில் ஒட்டிய பாசியைத் தேய்த்துவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.