கைது முதல் பக்கத்தில், விடுதலை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊடகத்தின் செல்வாக்கு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பொய்ச்செய்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு சொல்கூடப் பொய்யில்லாத செய்தி ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னோடு ஒரே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர், பணக் கையாடல் வழக்கில் கைதானார். மறுநாள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்தது. பெயர், வயது, குடியிருந்த தெரு எல்லாம் போட்டிருந்தார்கள். அவர் கைதானது உண்மை. போலீசார் கூறியதாக எழுதியிருந்தவையும் அவர்கள் கூறியவைதான். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் அவரை விடுவித்தது. போதிய சாட்சியம் இல்லை என்பதற்காக அல்ல. பணம் எடுத்த சீட்டில் இருந்த கையெழுத்தே அவருடையதல்ல என்று தீர்ப்பில் தெளிவாக இருந்தது.

தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அந்த நாளிதழின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். "பழைய கேஸ் சார். இப்ப இதுல நியூஸ் இல்லையே" என்றார். நண்பர் பதில் சொல்லவில்லை. படியிறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குப் பேப்பர்ல வந்துடும்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்."

அந்த ஆறு ஆண்டுகளில் அவர் வீட்டுக்குப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்ட உறவினர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர்கூடத் தீர்ப்பைப் படித்ததில்லை. ஆனால் நாளிதழைப் படித்திருந்தார்கள்.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது பூங்காவில் கேட்பாரற்றுக் கிடந்த பையைப் பார்த்துப் போலீசாரிடம் சொன்னவர் ரிச்சர்ட் ஜுவல் என்ற பாதுகாவலர். குண்டு வெடிப்பதற்கு முன் அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தவும் அவர் உதவினார். மூன்றே நாளில், அவர்மீதே புலனாய்வாளர்களுக்குச் சந்தேகம் என்று அந்நகரத்து நாளிதழ் எழுதியது. கேமராக்கள் அவர் வீட்டு வாசலில் வந்து குவிந்தன. அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவே இல்லை. அக்டோபர் கடைசியில், அவர் இனி விசாரணைக்குரியவர் அல்ல என்று அரசு வழக்கறிஞர் எழுத்தில் கொடுத்தார். குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2007-இல் ஜுவல் 44 வயதில் காலமானார். அவர் தொடுத்த அவதூறு வழக்கு அதற்குப் பிறகும் நடந்து, 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நாளிதழுக்குச் சாதகமாக முடிந்தது. வெளியான நேரத்தில் அந்தச் செய்தி பெருமளவு உண்மை என்பதே காரணம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். செய்தி உண்மையாக இருந்தால் போதும், அதோடு நம் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

நம்பி நாராயணனின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியும். 1994 நவம்பரில் உளவு பார்த்ததாகக் கைதான அந்த விண்வெளி விஞ்ஞானியைப் பற்றி நாளிதழ்கள் வாரக்கணக்கில் எழுதின. 1996-இல் சிபிஐ குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் வழக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவருடைய கைது தேவையற்றது என்று அதே நீதிமன்றம் சொல்லி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது 2018-இல். நாடறிந்த விஞ்ஞானிக்கே 24 ஆண்டுகள் ஆயின. கணக்குப் பிரிவு ஊழியருக்காக யார் காத்திருப்பார்கள்?

மறுப்பு வெளியிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஆவதில்லை. 1994-இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கிடங்குத் தீ விபத்தைப் பற்றிய கதையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் பெயின்டும் எரிவாயு சிலிண்டர்களும் இருந்ததாக முதலில் வரும். அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று பிறகு திருத்தம் வரும். திருத்தத்தை நினைவில் வைத்திருந்தவர்களும், தீ ஏன் அப்படிப் பரவியது என்று கேட்டபோது சிலிண்டரையே காரணமாகச் சொன்னார்கள். தீக்கு வேறு காரணம் இன்னதென்று சொல்லப்பட்டபோதுதான் அந்தப் பிடி தளர்ந்தது. ஆகவே 'இவர் நிரபராதி' என்று இரண்டு வரி போட்டால் போதாது. கையெழுத்து யாருடையது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நடந்ததை முழுதாக எழுதினால்தான் வாசகர் மனத்தில் பழைய கதை இடம் மாறும்.

முன்பெல்லாம் நாளிதழ் மறுநாளே பழைய பேப்பர் ஆகிவிடும். இப்போது இணையத்தில் பெயரைத் தட்டினால் கைதுச் செய்தி அப்படியே வந்து நிற்கிறது. நண்பரின் மகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் இந்தப் பயத்தோடுதான் விண்ணப்பிக்கிறாள். ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் தம் பழைய கடன் பற்றிய அறிவிப்பு இப்படி வந்துகொண்டே இருப்பதாக முறையிட்ட வழக்கில், அந்த இணைப்பைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பழைய இதழ்களை அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் செய்தியின் தலைமாட்டிலேயே 'இவர் இன்ன தேதியில் விடுவிக்கப்பட்டார்' என்று சேர்த்து, தீர்ப்புச் செய்திக்கு இணைப்புக் கொடுத்தால் போதும்.

ஒவ்வொரு வழக்கையும் துரத்திக்கொண்டிருக்க ஆள் இல்லை என்பீர்கள். உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் பெயரும் படமும் போட்ட வழக்குகளுக்கு மட்டுமாவது ஒரு குறிப்பேடு வைக்கலாம். தீர்ப்பு நகலோடு யாராவது வந்தால் வாங்கிப் பார்ப்பதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்கலாம். பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் 1997-இலும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006-இலும் வாசகர் முறையீடுகளுக்கென்றே தனி ஆசிரியரை நியமித்தன. கைது எந்தப் பக்கத்தில் வந்ததோ, விடுதலையும் அதே பக்கத்தில், அதே அளவில் வரட்டும். படம் போடுவதா வேண்டாமா என்பதை அந்த மனிதரையே கேளுங்கள்; மறுபடியும் தன் முகத்தைப் பார்க்கச் சிலர் விரும்ப மாட்டார்கள்.

இத்துடன் நண்பரின் தீர்ப்பு நகலை இணைத்திருக்கிறேன். பிரசுரத்துக்கு அல்ல, தங்கள் பார்வைக்கு மட்டும். பெயர் வெளிவருவதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்