புலன் பாடம் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். சின்னப் பசங்களுக்கு அறிவியல் பாடப்புத்தகம் எழுதுற குழுவுல இருக்குற எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். நான் டீச்சரும் இல்ல விஞ்ஞானியும் இல்ல, ராத்திரி பொண்ணுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்குடுக்குற ஒரு அப்பா, அவ்ளோதான்.

"மனிதனுக்கு எத்தனை புலன்கள்?"னு டெஸ்ட்ல ஒரு கேள்வி. பொண்ணு "ஐந்துக்கு மேல்"னு எழுதிட்டா, செவப்பு மையில ஒரு சுழி வாங்கிட்டு வந்தா. ஏம்மா இப்டி எழுதுனன்னு கேட்டா, கண்ண மூடிக்கிட்டு விரல நீட்டி மூக்கு நுனிய கரெக்டா தொட்டுக் காமிச்சுட்டு, "என் கை எங்க இருக்கு மூக்கு எங்க இருக்குன்னு இப்ப எந்தப் புலன்ப்பா சொல்லுச்சு?"ங்குறா. கண்ணு மூடியிருக்கு. தோலுன்னு சொல்லலாம்னா, தொடுறதுக்கு முன்னாடியே கை சரியான எடத்துக்குப் போயிடுச்சே. முழிச்சேன்.

அப்புறம் உக்காந்து படிச்சா, இந்த உணர்வுக்கு 1906-லயே ஷெரிங்டன்னு ஒரு ஆங்கிலேய உடலியல் விஞ்ஞானி 'ப்ரோப்ரியோசெப்ஷன்'னு பேரு வச்சுட்டாரு, நம்ம பாஷையில உடல் நிலை உணர்வு. தசைக்குள்ள, மூட்டுக்குள்ள இருக்குற உணரிகள் எந்த உறுப்பு எங்க இருக்கு, எவ்ளோ மடங்கியிருக்குன்னு மூளைக்கு விடாம சொல்லிக்கிட்டே இருக்கு. 2021 மருத்துவ நோபல் பரிசு டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ரெண்டு பேருக்கும் குடுத்ததே சூடு, குளிர், தொடுதல், இந்த உடல் நிலை உணர்வு எல்லாத்துக்கும் பின்னாடி இருக்குற புரதங்களக் கண்டுபிடிச்சதுக்குத்தான். நோபலே குடுத்தாச்சு, நம்ம புத்தகத்துல இன்னும் எடம் குடுக்கல.

இது ஒண்ணுதான்னு இல்ல. காதுக்கு உள்ள தள்ளி மூணு வளைஞ்ச குழாய் இருக்கு, அதுக்குள்ள திரவம், நாம கிறுகிறுன்னு சுத்திட்டு டக்குன்னு நின்னாலும் அந்தத் திரவம் நிக்காம ஓடுது, அதனாலதான் நின்னப்புறமும் ஊரே சுத்துது. மூச்சப் புடிச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல முட்டுதுல்ல, அது ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுறத உடம்பு மோப்பம் புடிக்கிற வேலை. பசி, தாகம், ஒண்ணுக்கு முட்டுறது எல்லாம் எந்தக் கணக்குல சேரும்? அஞ்சுன்னு அரிஸ்டாட்டில் எண்ணி 2300 வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்மகிட்டயும் ஐம்புலன்னுதான் சொல்லு இருக்கு, தப்பு சொல்லல, வெளிய தெரியுற உறுப்ப எண்ணுனா அஞ்சுதான் வரும். உறுப்ப எண்ணுனீங்களா உணர்வ எண்ணுனீங்களான்னுதான் என் கேள்வி.

அந்த நாக்குப் படத்த இன்னும் எங்கயாச்சும் வச்சிருந்தீங்கன்னா தயவுசெஞ்சு எடுத்துருங்க. நுனியில இனிப்பு, பின்னாடி கசப்புன்னு பங்கு பிரிச்சு வரைஞ்சிருக்குமே அதுதான். 1901-ல ஹேனிக்னு ஒரு ஜெர்மன்காரர் நாக்கோட ஓரங்கள்ல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்குன்னு எழுதுனாரு, 1942-ல வேற ஒருத்தர் புத்தகத்துல அத கிராஃபா போட, பாத்தவங்க எல்லாம் நாக்குல எல்லைக்கோடே இருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. நுனி நாக்குல ஒரு கல்லு உப்பு வச்சா தெரிஞ்சுரும், இதுக்கு லேப் வேணாம்.

சரி, என் பெரிய மனக்குறை அடுத்த பக்கத்துல இருக்கு. விலங்குகள். கழுகுக்குக் கூரிய கண், நாய்க்குக் கூரிய மூக்கு, வௌவாலுக்குக் கண் தெரியாது, பாம்புக்குக் காது கேக்காதுன்னு ப்ரோக்ரஸ் கார்டு மாதிரி ஒரு டேபிள். வௌவாலுக்குக் கண்ணு நல்லாவே தெரியும் சார். பழந்தின்னி வௌவால்ல பெரும்பாலானது எதிரொலிய வச்சு வழி கண்டுபிடிக்கிறதே இல்ல, கண்ணும் மூக்கும்தான். எதிரொலி கதையும் அந்த ஒத்த வரியில அடங்குறதில்ல, 1790-கள்ல ஸ்பல்லன்ஸானின்னு ஒரு இத்தாலிய விஞ்ஞானி கண்ணில்லாம ஆக்குன வௌவால் எதுலயும் முட்டாம பறக்குதுன்னு பாத்தாரு (பாவம் அந்த வௌவால்), ஜூரின்னு இன்னொருத்தர் காத அடைச்சா முட்டுதுன்னு பாத்தாரு, காதால எப்டிய்யா பாக்க முடியும்னு ரொம்ப காலம் யாரும் நம்பல, 1938-ல கிரிஃபின்னு ஒரு மாணவர் நம்ம காதுக்கு எட்டாத சத்தத்தப் புடிக்கிற கருவி முன்னாடி வௌவால காமிச்சப்பதான் அது கத்திக்கிட்டே பறக்குதுன்னு தெரிஞ்சுது. அம்புட்டு நாளும் அது கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, செவிடு நாமதான்.

பாம்புக்குப் பழைய தமிழ்ல கட்செவின்னு ஒரு பேரு, கண்ணே காதா இருக்குறதுன்னு அர்த்தம். வெளிக்காது இல்லாதத கவனிச்சு, ஆனா எப்டியோ கேக்குதேன்னு யோசிச்சு வச்ச பேரு போல, எனக்கு ரொம்பப் புடிக்கும். விடைதான் கொஞ்சம் தப்பு. உள்காது இருக்கு, தாடை எலும்பு வழியா தரையோட அதிர்வு அதுக்குப் போகுது, காத்துல வர்ற தாழ்ந்த சத்தமும் கேக்கும். நாக்க நீட்டி நீட்டி இழுக்குதே, அது வாசனைத் துகள அள்ளி மேலண்ணத்துல இருக்குற ஒரு உறுப்புக்குக் குடுக்குது, நாக்கு ரெண்டா பிரிஞ்சிருக்குறதால வாடை எந்தப் பக்கம் அதிகம்னும் தெரியும். குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு குழி, இருட்டுல எலியோட உடம்புச் சூட்ட அதுல பாக்கும். இத எல்லாம் விட்டுட்டு "காது கேக்காது"ன்னு ஒரு வரி.

பூனைக்கு இனிப்பு தெரியாது, அந்த ஜீன் கெட்டுப்போச்சுன்னு 2005-ல கண்டுபிடிச்சாங்க. தேனீக்கு செவப்பு தெரியாது, ஆனா நமக்குத் தெரியாத புற ஊதா தெரியும். உண்ணியப் பத்தி யூக்ஸ்கியூல்னு ஒருத்தர் எழுதுனது இன்னும் தலைக்குள்ள ஓடுது, தோல்ல இருந்து வர்ற ஒரு அமில வாடை, சூடு, முடி இல்லாத எடம், இந்த மூணுதான் அதுக்கு உலகம். மார்க் போடுறதா இருந்தா உண்ணிக்கு எவ்ளோ போடுவீங்க?

நம்ம மூக்கையும் மட்டம்னு எழுதாதீங்க, 2007-ல சாக்லேட் வாடை புடிச்ச கயித்த புல்லுல போட்டு, ஆளுங்க கண்ணக் கட்டி விட்டா, முட்டி போட்டு மோந்துக்கிட்டே பல பேரு தடத்தப் புடிச்சுப் போயிட்டாங்க.

அடுத்த பதிப்புல அந்த டேபிள எடுத்துட்டு, பசங்களையே கண்ண மூடி மூக்கத் தொடச் சொல்லி ஒரு வரி போடுங்க, இவ்ளோதான் கேக்குறேன். ஆனா அது வர்றதுக்குள்ள எனக்கு ஒரு அவசரம், அடுத்த மாசம் முழுப் பரீட்சை, அதே கேள்வி திரும்ப வருமாம். அஞ்சுன்னு எழுதிட்டு வாம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. என்ன எழுதச் சொல்லட்டும்னு நீங்களே சொல்லுங்க.